சாய்ச்சுப் போட்ட எழுத்து

"ரெண்டும் பாக்க ஒண்ணாத்தானே இருக்கு. பெறகு எதுக்குத் தாயி ரெண்டு?"

சிஷ்யன் கேட்டான்.

குரு, சிஷ்யன் கொண்டு வந்த பைக்குள்ள கைய விட்டா. தண்ணி மோட்டாருக்கு மாட்டுற கண்டென்சர் ரெண்டு கெடந்துச்சு. கறுப்பா, உருளையா, ஒரே கம்பெனி, ஒரே சைஸ். எடுத்து மேசை மேல பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா.

"தொடுங்க அண்ணாச்சி."

"எதை?"

"மேல நீட்டிக்கிட்டு இருக்குல்லா, அந்தக் கம்பிய."

சிஷ்யன் ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டான்.

"தொட மாட்டேன்."

"ஏன்?"

"எதுல கரண்டு நிக்குன்னு தெரியாதுல்லா? ஒண்ணு செத்துக் கெடக்கும். இன்னொண்ணு ஆளைத் தூக்கி அடிச்சிரும்."

"பாக்க ஒண்ணாத்தானே இருக்கு?"

சிஷ்யன் கண்டென்சரை மாறி மாறிப் பாத்தான்.

பையில இருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒவ்வொரு கண்டென்சர் தலையிலயும் ரெண்டு கம்பியும் படுற மாதிரி வச்சான். மொதல்ல வச்சது சும்மா இருந்துச்சு. அடுத்தது பட்டுனு பொறி விட்டுச்சு.

குரு நாற்காலியோட பின்னால போயிட்டா. குருவா இருந்தாலும் பயம் பயம்தான்.

*

இவங்க யாருன்னு சொல்லிரணும்.

குரு பேரு குருவம்மா. நெசமாவே அதான் பேரு, அப்பத்தாளுக்கும் அதே பேருதான். வயசு இன்னும் முப்பது ஆகல. சங்கரன்கோவில்ல வெப்சைட் செஞ்சு குடுக்கா.

சிஷ்யன் பேரு ஆவுடையப்பன். அம்பது தாண்டிட்டான். அதே ஊர்ல தண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டுற பட்டறை வச்சிருக்கான். கம்ப்யூட்டர் விசயத்துல குருவுக்கும் சிஷ்யனுக்கும் வயசு இப்பிடித்தான் தலைகீழாப் போவும். யாரும் வருத்தப்படக் கூடாது.

ஆசிரமம் மாடியில. கீழ மைதீன் பாயோட புரோட்டா கடை. மத்த ஆசிரமத்துல மணி அடிப்பாங்க. இங்க கொத்துப் புரோட்டா.

மொத நாள் ஆவுடையப்பன் படியேறி வந்தப்போ, உக்காரக்கூட இல்ல. நேரா மேல பாத்தான்.

"ஏ தாயி, காது என்ன கம்மல் மாட்டவா இருக்கு? கேளு. ஃபேன்ல பேரிங் அழுவுது."

குரு காதைத் தொட்டுப் பாத்துக்கிட்டா.

"ஓடுதுல்லா அண்ணாச்சி?"

"அழுதுக்கிட்டே ஓடுது."

பெறகுதான் உக்காந்தான். உக்காந்து, எதுக்கு வந்தான்னு சொன்னான்.

*

அவனுக்கு ஒரு தம்பி. கோமதிநாயகம்.

அண்ணனும் தம்பியும் ஒரே பட்டறையில இருந்தாங்க. தொழிலை அண்ணன்தான் கத்துக் குடுத்தான். தம்பி மெதுவாப் பேசுற ஆளு. அவன் பேசினா மோட்டாரை அணைச்சுட்டுத்தான் கேக்கணும்.

மெதுவாப் பேசுறவன் ஒரு நாள் சத்தமா ஒரு காரியம் பண்ணிட்டான். தனக்குத் தெரிஞ்ச மோட்டார் வேலை எல்லாத்தையும் எழுதி வெப்சைட்டுல போட்டான். யாரு வேணா படிக்கலாம். ஓசி.

அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சான்.

"ஊர்ல அவனவனே படிச்சு அவனவனே கழத்தி மாட்டிக்கிட்டா, நாம என்னலே செரைக்கவா?"

"படிச்சவன் மோட்டாரு பொழைச்சுட்டுப் போவட்டும்ண்ணே."

"அப்பம் நீ அந்த நெட்டுலயே பொழைச்சுக்க."

தம்பி டூல்ஸ் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டான். ஊருக்கு அந்தக் கோடியில தனியாக் கடை போட்டான். பேச்சு நின்னுச்சு.

அண்ணன் ஒரு சபதம் எடுத்தான். அந்த எழவு வெப்சைட்டை ஒரு நாளும் தொறந்து பாக்க மாட்டேன்னு.

சபதத்தைக் காப்பாத்திட்டான். காப்பாத்த வேண்டாததைக் காப்பாத்துறதுல நம்மாளுகளை அடிச்சுக்க ஆள் கெடையாது.

போன வருசம் தம்பி நெஞ்சு வலின்னு ஸ்டூல்ல உக்காந்தான். எந்திரிக்கல.

சாவு வீட்டுக்கு அண்ணன் போனான். தெரு முக்கு வரைக்கும் போனான்.

*

தம்பி போயி இப்போ வருசம் திரும்பப் போவுது.

வெப்சைட்டுக்கு ஓசியில எடம் குடுத்த கம்பெனி கடையச் சாத்துது. தம்பி பொண்டாட்டி முப்பிடாதி, அவன் எழுதின பக்கத்தை எல்லாம் குருகிட்ட கொண்டு வந்து குடுத்து, "எங்கயாவது உசுரோட வையி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

குரு ஒரு படி மேல போனா. கையெல்லாம் கிரீஸா இருக்கறவன் எப்பிடி செல்லைத் தடவித் தடவி வாசிப்பான்? அதனால வாசிச்சுக் காட்டுற ஆப் ஒண்ணு செஞ்சா. செல்லை ஓரமா வச்சுட்டு, காதுல கேட்டுக்கிட்டே மோட்டாரைக் கழத்தலாம்.

ஆனா ஒரு சிக்கல். அதுக்கு மோட்டார் தெரிஞ்ச ஆள் வேணும்.

விசயத்தை மைதீன் பாய் பட்டறையில போயி ஒடைச்சாரு. மறுநாள் ஆவுடையப்பன் மாடிப்படி ஏறிட்டான்.

"தம்பிக்கு நான் ஒரு காரியமும் செய்யல தாயி. தோள் குடுக்கல. வாய்க்கரிசி போடல. இதையாவது ஒழுங்காச் செய்யணும். வருசம் திரும்புறதுக்குள்ள."

குரு கீபோர்டை அவன் பக்கம் தள்ளிட்டா. அதான் தீட்சை.

*

"எழுத்துக்கு மாட்டுற குறிய டேக்னு சொல்லுவோம். ஒங்க தம்பிக்கு ரெண்டே டேக்தான் தெரிஞ்சிருக்கு அண்ணாச்சி. எழுத்து தடியாத் தெரியணும்னா 'பி' போட்டிருக்காவ. சாய்வாத் தெரியணும்னா 'ஐ'. எல்லாம் பழைய பழக்கம்."

"புதுப் பழக்கம் என்ன?"

"தடியாக் காட்ட இன்னொண்ணு இருக்கு, 'ஸ்ட்ராங்'. பியும் ஸ்ட்ராங்கும் கண்ணுக்கு ஒண்ணுதான். பி, 'இதைத் தடியாக் காட்டு'ங்கும். ஸ்ட்ராங், 'இது முக்கியம், விட்டுராத'ங்கும்."

"சாய்வுக்கு?"

"'ஈஎம்'னு ஒண்ணு. 'அழுத்திச் சொல்லு'ன்னு அர்த்தம்."

"அப்பம் ஐக்கு அர்த்தம் இல்லியா?"

"உண்டு. இந்த எடத்துல குரல் மாறுது, வேற மாதிரி வாசின்னு அர்த்தம். ஆனா முக்காவாசிப் பேரு அழகுக்குத்தான் போடுவாவ."

"நம்ம பய அழகுக்குத்தான் போட்டிருப்பான். நோட்டுக்கு அட்டை போட்டாக்கூட ஓரத்துல பூ வரைவான்."

குரு ஆப்பைத் திரையில கொண்டு வந்தா.

"ஆப்புக்குக் கண்ணு கெடையாது அண்ணாச்சி. அது டேக்கைத்தான் பாக்கும். ஸ்ட்ராங் வந்தா மணி அடிச்சு 'கவனம்'னு சொல்லும். ஈஎம் வந்தா அழுத்தி வாசிக்கும்."

"ஐ வந்தா?"

"குரலை மாத்தணும். யாரு குரல்னு தெரியல. அதை இன்னும் போடல."

"நான் என்ன செய்யணும்?"

"தம்பி எழுதினதை வாசிங்க. வாசிச்சு, ஒவ்வொண்ணுக்கும் எது பொருந்தும்னு போடுங்க."

"வாசிக்கணுமாக்கும்?"

சபதம் எடுத்தவன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு.

அப்பத்தான் அந்த மொதக் கேள்வியக் கேட்டான். ரெண்டும் பாக்க ஒண்ணாத்தானே இருக்குன்னு. கண்டென்சர் பொறி விட்ட கதை அதுக்குப் பெறகு வந்தது.

*

அடுத்த நாள் சிஷ்யன் சிரிச்ச மூஞ்சியா வந்தான்.

"முடிச்சிட்டேன் தாயி."

"எல்லாமா?"

"எல்லாம். வீட்டுல மகனோட கம்ப்யூட்டர்ல உக்காந்தேன். 'எல்லாத்தையும் மாத்து'ன்னு ஒரு பட்டன் இருக்குல்லா? பி எல்லாம் ஸ்ட்ராங். ஐ எல்லாம் ஈஎம். ஒரே அமுக்கு. பழசு ஒண்ணுகூட மிச்சம் இல்ல."

"வாசிச்சியளா?"

"வாசிக்கவே வேண்டாம் போல இருக்கே!"

சபதமும் பொழைச்சுது, வேலையும் முடிஞ்சுது. மனுசனுக்கு அம்புட்டுச் சந்தோசம்.

குரு ஆப்பைத் தட்டிவிட்டா. மிஷின் வாசிக்க ஆரம்பிச்சுது.

டிங். "கவனம்! மோட்டார்."

டிங். "கவனம்! ஸ்பேனர்."

டிங். "கவனம்! நட்டு." டிங். "கவனம்! வாஷர்."

டிங். "கவனம்! மெயினை அணைக்காமல் மூடியைக் கழற்றாதே."

டிங். "கவனம்! பழைய துணி."

டிங். "கவனம்! டீ குடித்துவிட்டு வரலாம்."

கீழ இருந்து மைதீன் பாய் கத்தினாரு. "ஏ குருவம்மா! என்னத்தா மேல கவனம் கவனம்னு சத்தம்? நான் கல்லுல இருந்து கைய எடுத்துட்டேன், புரோட்டா கருகிப் போச்சு!"

சிஷ்யன் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். குருவும் சிரிச்சா. சிரிச்சு முடிச்சுக் கேட்டா.

"அந்த எடம் வந்துச்சே, கேட்டியளா?"

"எந்த எடம்?"

குரு அதை மட்டும் திருப்பிப் போட்டா.

"மெயினை அணைக்காமல் மூடியைக் கழற்றாதே."

சிஷ்யனுக்குச் சிரிப்பு நின்னுச்சு. வாஷருக்கும் துணிக்கும் நடுவுல, கவனிக்காம விட்டா ஒரு ஆளைக் கொல்லக்கூடிய வரி, அது பாட்டுக்குப் போயிருக்கு. பட்டறை வச்சிருக்கவன், அவன் காதுலயே விழல.

"சரி. அப்பம் மணியே வேண்டாம். எல்லாத்தையும் திருப்பி பி ஆக்கிருவோமா?"

குரு எந்திரிச்சா. "வாங்க, பசிக்கு."

*

கீழ கடை வாசல்ல ஒரு போர்டு. பாயோட மச்சான் எழுதினது. அவருகிட்ட ஒரு பிரஷ்ஷு, ஒரு டப்பா செவப்புப் பெயின்ட்டு.

புரோட்டா. சால்னா. ஆம்லெட். கல் சுடும் தொடாதே. ஆஃப் பாயில்.

எல்லாம் ஒரே செவப்பு. ஒரே பருமன்.

குரு கேட்டா, "பாய், இந்தப் போர்டை வாசிச்சுட்டு யாராச்சும் கல்லுல இருந்து கைய எடுத்திருக்காங்களா?"

"நீ வேற. போன வாரம் ராஜபாளையத்துக்காரன் ஒருத்தன் வந்தான். 'பாய், கல் சுடும் ஒரு பிளேட்டு'ன்னான்."

"என்ன குடுத்திய?"

"ஆம்லெட்டைக் குடுத்தேன். நல்லாருக்குன்னு இன்னொண்ணு கேட்டான்."

சிஷ்யன் போர்டையே பாத்துக்கிட்டு நின்னான். சால்னா ஆறிப் போச்சு.

"கல் சுடும்ங்கிறது மட்டும் ஸ்ட்ராங். மத்ததெல்லாம் பி. பேருதானே அதெல்லாம். அப்பிடித்தான தாயி?"

குரு புரோட்டாவப் பிச்சுக்கிட்டு இருந்தா.

சிஷ்யன் சாப்பிடாம மாடிக்கு ஓடினான்.

*

அதுக்குப் பெறகு தெனமும் பட்டறையச் சாத்திட்டு வந்துருவான்.

மொத வரியில இருந்து வாசிச்சான். கண்ணாடியத் தொடைச்சுத் தொடைச்சு வாசிச்சான். நட்டு வந்தா ஸ்ட்ராங்கை எடுத்துட்டு பி. கண்டென்சர்ல நிக்கிற கரண்டை எறக்காம தொடாதேன்னு வந்தா ஸ்ட்ராங்கை அப்பிடியே விட்டான்.

வாசிக்கும்போதே பேசிக்குவான்.

"கோட்டிப்பய, இதைக் கண்டுபுடிச்சு எழுதிருக்கான் பாரேன்."

"ஏ, இது தப்புலே... இல்ல, இல்ல. சரிதான்."

"இந்த மோட்டாரு தளவாய்புரத்து மோட்டாரு! ரெண்டு பேரும் கெணத்துக்குள்ள எறங்கி எடுத்தோம்!"

குரு அவன் பக்கம் திரும்பாம வேற வேலையப் பாப்பா. மேல ஃபேன் அழுதுக்கிட்டு ஓடும்.

தடி எழுத்து எல்லாம் முடிஞ்சுது. ஒவ்வொண்ணும் என்னன்னு அவனுக்குத் தெரிஞ்சுது. மோட்டாருதானே.

அப்புறம் சாய்வு எழுத்து வந்துச்சு.

*

"இது என்ன தாயி, சம்பந்தமே இல்லாம?"

குரு எட்டிப் பாத்தா. பக்கத்துக்கு ஒரு வரி, ரெண்டு வரி. மோட்டார் வெவரத்துக்கு நடு நடுவுல, சாய்வா.

சிஷ்யன் ஒரு வரிய வாசிச்சான்.

"'அவசரமாக வருகிறவனின் மோட்டாருக்கு அவசரம் கிடையாது. உட்காரச் சொல்.' இது என்ன வியாக்கியானம்? கஸ்டமர் வாசிச்சா அடிக்க வர மாட்டானா?"

அடுத்ததுக்குப் போனான்.

"'கழற்றும்போது பேசாதே. மாட்டும்போது மூச்சே விடாதே.' மூச்சு விடாம எப்பிடிய்யா மாட்டுவான்?"

அடுத்தது.

"'காது கம்மல் மாட்ட மட்டும் இல்லை. கேள். பேரிங் அழும்.' எகத்தாளத்தைப் பாரு! படிக்க வாறவன்கிட்ட இப்பிடியா பேசுவாவ?"

குரு மெதுவா மேல பாத்தா.

ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

சிஷ்யனும் மேல பாத்தான்.

"ஆமா, மறந்தே போச்சு. ஒரு நாளைக்குப் பேரிங் கொண்டாந்து மாட்டித் தாரேன்."

குரு பெருமூச்சு விட்டா.

"ஈஎம்ல எப்பிடி இருக்குன்னு கேப்பமா அண்ணாச்சி?"

தட்டிவிட்டா. மிஷின் அழுத்தி வாசிச்சுது. ஒவ்வொரு வார்த்தையும் ஆணி அடிச்ச மாதிரி விழுந்துச்சு. மூச்சே. விடாதே.

சிஷ்யன் மூஞ்சியச் சுளிச்சான்.

"ஏசுத மாதிரில்லா இருக்கு. எந்தம்பி இப்பிடி ஏச மாட்டான். பூனை மாதிரிப் பேசுவான். அவன் பேச்சே இல்ல இது."

"பெறகு யாரு பேச்சு?"

சிஷ்யன் யோசிச்சான்.

"யாரோ கோவக்காரப்பய பேச்சு."

குரு டீ வாங்கிட்டு வரச் சொல்லிக் கீழ கொரல் குடுத்தா.

*

ரெண்டு மூணு நாளு சிஷ்யன் அந்த வரிகளையே சுத்திச் சுத்தி வந்தான்.

அழகுக்குன்னா, ஏன் எல்லா வரியையும் சாய்க்கல? அழுத்தத்துக்குன்னா, ஏன் வாசிச்சா கடிக்குது? தம்பி எதுக்குப் போட்டான்னு அவனுக்குத்தான் தெரியும். அவனைக் கேக்க முடியாது.

"நீயாச்சும் சொல்லேன் தாயி. நீதானே குரு?"

"நான் டேக் சொல்லுவேன். மனசுல இருக்கது எனக்கெப்பிடித் தெரியும்?"

"அப்பம் யாரைக் கேக்க?"

"முப்பிடாதி அக்காவக் கேளுங்க. அவிய எழுதும்போது பக்கத்துலதானே இருந்தா."

சிஷ்யன் கண்ணாடியக் கழத்தினான்.

"அது நடக்காது."

"ஏன்?"

"அவ தாலி அறுத்து உக்காந்திருந்தப்ப நான் தெரு முக்குல நின்னவன். தேங்கா வெலை விசாரிக்கறவன் மாதிரி கடை வாசல்ல நின்னேன். இப்பம் போன் போட்டு, 'அம்மாடி, இந்த எழுத்து ஏன் சாஞ்சிருக்கு'ன்னு கேக்கவா? செருப்பைக் கழத்துவா."

"போன்ல எப்பிடிக் கழத்துவா?"

"எனக்குக் கேக்கும்."

குரு சரின்னு தலையாட்டினா. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தா. சாய்வு எழுத்து எல்லாத்தையும் மொத்தமாப் புடிச்சா. திரையில அந்த வரிங்க மட்டும் நீலமா நின்னுச்சு.

"என்ன செய்யுத?"

"அழிக்கப் போறேன்."

"எதை?"

"என்னன்னு தெரியாததை வச்சு என்ன செய்ய? மோட்டார் வெவரம் போதும்லா. வருசம் திரும்ப நாளு இல்ல. ஒங்களுக்கும் வேலை முடிஞ்சுது."

வெரலை அழிக்கற பட்டன் மேல வச்சா.

அமுக்கல. வச்சுக்கிட்டு இருந்தா.

"ஏய், இரு."

"ஏன்?"

"இருன்னு சொல்லுதேன்லா!"

கீழ கொத்துச் சத்தம் ஒரு நிமிசம் நின்னு திரும்ப ஆரம்பிச்சுது.

சிஷ்யன் செல்லை எடுத்தான். நம்பர் அவன்கிட்ட இருந்துச்சு. தம்பி நம்பர்தான், அந்தச் செல்லு இப்போ முப்பிடாதிகிட்ட. அதை இத்தனை நாளும் அழிக்காமத்தான் வச்சிருந்திருக்கான்.

*

மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எடுத்தாங்க.

"யாரு?"

"நான்..."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிச்சுது.

"சொல்லுங்க அத்தான்," முப்பிடாதி சொன்னா.

கொரலை வச்சே கண்டுபுடிச்சுட்டா. செருப்புச் சத்தம் ஒண்ணும் கேக்கல.

"ஒரு வெவரம் கேக்கணும்மா. தம்பி எழுதினதுல..."

"குருவம்மா சொன்னா. நீங்கதான் வந்து செய்யுதியன்னு."

"தடி எழுத்தெல்லாம் வெளங்கிருச்சு. சாய்ச்சு ஒண்ணு ரெண்டு எழுதிருக்கான். அது எதுக்குன்னுதான் புடிபடல. அதை எப்பிடிப் போடணும்னு தெரிஞ்சா, சரியாப் போட்டுரலாம்."

"எந்த எழுத்து அத்தான்? வாசிங்க."

சிஷ்யன் திரையப் பாத்து வாசிச்சான். காது கம்மல்னு ஆரம்பிச்சு முடிச்சான்.

அந்தப் பக்கம் இருந்து ஒரு சிரிப்பு. சிரிப்புதானான்னு உறுதியாச் சொல்ல முடியல.

"அது நீங்கல்லா அத்தான்."

"என்னது?"

"நீங்க பேசுததுதான். பட்டறையில அவியளைப் போட்டு ஏசுவியள்லா? காதுல கம்மலு, மூச்சே விடாத, அவசரக்காரன உக்காரச் சொல்லு. சாய்ச்சுப் போட்டிருக்கது பூராம் நீங்கதான். தனக்குத் தெரிஞ்சதை நேரா எழுதுனாவ. ஒங்ககிட்ட கேட்டதைச் சாய்ச்சு எழுதுனாவ."

சிஷ்யன் மேல பாத்தான்.

ஃபேனைப் பாத்தான்.

அப்புறம் குருவப் பாத்தான். குரு கம்மலைத் திருகிக்கிட்டு இருந்தா.

"பேரு போடலியே," அவன் சொன்னான். "அண்ணன் சொன்னான்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே."

"நானும் சொன்னேன் அத்தான், பேரைப் போடுங்கன்னு."

"அதுக்கு?"

"'எதுக்குப் பேரு? அண்ணன் வாசிச்சா அண்ணனுக்குத் தெரியாதாக்கும்?'னாவ."

*

குரு கீபோர்டுகிட்ட கைய நீட்டினா. ஈஎம் எல்லாத்தையும் ஐ ஆக்கணும். ஒரே அமுக்குதான்.

சிஷ்யன் அவ கைய நகட்டினான்.

"ஒவ்வொண்ணா மாத்துதேன்."

மாத்தினான். ஒரு வரிய வாசிப்பான். உக்காந்திருப்பான். மாத்துவான். அடுத்த வரிக்குப் போறதுக்குள்ள கண்ணாடியத் தொடைப்பான். சில வரிய அவன் என்னைக்குச் சொன்னான், யாரு மோட்டாரு அதுன்னுகூட ஞாபகம் வந்துச்சு. சிலது வரவே இல்ல. சொன்னவன் மறந்துட்டான். கேட்டவன் எழுதி வச்சிருந்தான்.

கடைசி வரியும் முடிஞ்சுது.

குரு செல்லை எடுத்தா. ரெக்கார்டு போட்டு அவன் முன்னால வச்சா.

"என்ன தாயி இது?"

"ஐ வந்தா குரல் மாறணும்லா? யாரு குரல்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

சிஷ்யன் அந்தச் செவப்புப் புள்ளியப் பாத்தான். எந்திரிச்சுப் போயி ஃபேனை அணைச்சான். அழுகைச் சத்தம் மெதுவா மெதுவாக் கொறைஞ்சு நின்னுச்சு.

உக்காந்தான். தொண்டையச் செருமினான். திரையில இருந்தது நல்ல தமிழ். எழுத்துல 'லே' கெடையாது. தம்பி அதை எடுத்துட்டுத்தான் எழுதியிருந்தான்.

வாயில வந்துருச்சு.

"ஏலே, காது என்ன கம்மல் மாட்டவா இருக்கு? கேளுலே. பேரிங் அழுவுது!"

கீழ கொத்துச் சத்தம் நின்னுச்சு.

"யாரை அண்ணாச்சி இந்த ஏச்சு ஏசுதிய?" மைதீன் பாய் கேட்டாரு.

"தம்பியத்தான் பாய்."